ஆயுள் தண்டனைக்கு மதுரைக் கிளையில் மேல்முறையீடு: 43 நாள் ஓடிவிட்டது, எங்கிருந்து தொடங்குவது?

தாமிரபரணிக்கரை கேட்டது:

எங்கள் தாலுகாவில் சட்டத் தன்னார்வலராக இருக்கிறேன். ஒரு குடும்பம் தீர்ப்பு நகலோடு வந்து நிற்கிறது. அவர்களுக்காகக் கேட்கிறேன். அடையாளம் தெரியும்படி எதையும் இங்கே எழுதவில்லை.

2021இல் தெருத் தகராறு, ஒருவர் வெட்டுக்காயத்தில் இறந்தார். திருநெல்வேலி மாவட்டத்து அமர்வு நீதிமன்றம் முதல் எதிரிக்கு (குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்றத்தில் எதிரி என்பார்கள்) இ.த.ச. (இந்திய தண்டனைச் சட்டம்) 302இலும் (கொலை), இரண்டாம் எதிரிக்கு 302 உடன் இணைந்த 34இலும் (பொது எண்ணம்) ஆயுள் சிறை கொடுத்திருக்கிறது. தலா 10,000 ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் மேலும் ஓராண்டு. 341க்கு (வழிமறித்தல்) ஒரு மாதம், ஏககாலத்தில். மூன்றாம் எதிரி விடுதலை. நமக்கு வேண்டியவர் இரண்டாம் எதிரி. விசாரணை முடியும்வரை ஜாமீனில் இருந்தவர், இப்போது பாளையங்கோட்டை மத்திய சிறையில்.

சாட்சியம் இவ்வளவுதான்: அ.சா.1, அ.சா.2 (அரசுத் தரப்புச் சாட்சிகள்) இருவரும் இறந்தவரின் உறவினர்கள், நேரில் பார்த்ததாகச் சொன்னவர்கள். “இரண்டாம் எதிரி கையைப் பிடித்துக்கொள்ள, முதல் எதிரி அரிவாளால் வெட்டினார்” என்பது அவர்கள் வாக்கு. அ.சா.3 பிறழ்சாட்சி, அதாவது முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னவர். ஒப்புதல் வாக்குமூலத்தின் பேரில் அரிவாள் கைப்பற்றல். எதிர்க்கடை சிசிடிவி காட்சி ஒரு பென் டிரைவில்.

தீர்ப்பு வந்து இன்றோடு 43 நாள். சான்றிட்ட நகலுக்கு 5ஆம் நாள் மனு போட்டிருக்கிறார்கள், 12ஆம் நாள் தயார், 19ஆம் நாள் போய் வாங்கியிருக்கிறார்கள். 60 நாள் என்பது எப்போது முடிகிறது? ஒருவர் “ரிவியூ போடு” என்கிறார், இன்னொருவர் “ஹேபியஸ் கார்பஸ்” என்கிறார். எது சரி? தனியாக வக்கீல் வைக்கக் குடும்பத்திடம் பணம் இல்லை. அவரை வெளியே எடுக்க உடனே மனு போடலாமா?

---

கட்டுக்காகிதம் எழுதியது:

ரிவியூவும் வேண்டாம், ஹேபியஸ் கார்பஸும் வேண்டாம். அமர்வு நீதிமன்றம் தண்டித்தால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு என்பது உரிமை, யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 374(2), 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 415(2). குற்றம் 2021இல் நடந்ததால் தண்டனைப் பிரிவு இ.த.ச. 302 என்றே இருக்கும், மேல்முறையீட்டு மனுவின் தலைப்பில் மட்டும் 415 வரும்.

ஹேபியஸ் கார்பஸ் சட்டவிரோதக் காவலுக்கு. அதிகாரமுள்ள நீதிமன்றம் தண்டித்து வாரண்ட் கொடுத்து உள்ளே அனுப்பியவருக்கு அது நிற்காது. சீராய்வும் (ரிவிஷன்) கிடையாது: மேல்முறையீடு செய்ய வழி இருக்கும்போது அதை விட்டுவிட்டுச் சீராய்வு கேட்க பி.என்.எஸ்.எஸ். 442(4) இடம் கொடுக்காது. மறுஆய்வு (ரிவியூ) என்பது குற்றவழக்கில் உயர் நீதிமன்றத்துக்கே இல்லாத அதிகாரம். தீர்ப்பில் கையெழுத்துப் போட்டபின் எழுத்துப் பிழை, கணக்குப் பிழை தவிர எதையும் தொடக்கூடாது என்கிறது 403. அதனால் இந்த ஒரு மேல்முறையீட்டில்தான் எல்லாமே. சாட்சியத்தை முழுதாக எடைபோட்டுப் பார்க்கும் கடைசி இடமும் நடைமுறையில் இதுதான்.

காலக்கெடு: காலவரையறைச் சட்டம் இனம் 115, மரண தண்டனைக்கு 30 நாள், மற்ற தண்டனைகளுக்கு உயர் நீதிமன்றத்தில் 60 நாள். தீர்ப்பு நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நகல் பெறத் தேவைப்பட்ட நாட்களையும் பிரிவு 12 கழித்துக் கொடுக்கும். ஆனால் கழிவது நகல் “தயாரான” நாள் வரைதான், நீங்கள் போய் வாங்கிய நாள் வரை அல்ல. நகலின் பின்புறம் பாருங்கள்: மனு செய்த நாள், முத்திரைத்தாள் கேட்ட நாள், ஒப்படைத்த நாள், தயாரான நாள், வழங்கிய நாள் என்று முத்திரை இருக்கும். உங்கள் கணக்கில் 5 முதல் 12 வரை 8 நாள் கழியும். 43இல் 8 போக 35. இன்னும் 25 நாள் இருக்கிறது. முத்திரைத்தாள் கேட்டும் நீங்கள் தாமதமாகக் கொடுத்திருந்தால் அந்த நாட்கள் உங்கள் தலையில் விழும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருந்தாலும் இந்த 25ஐ நம்பி உட்காராதீர்கள். பதிவகத்தில் குறை சொல்லித் திருப்பினால் மறுபடி கொடுக்க நாள் போகும். அப்படியே தாண்டிப்போனாலும் வழி அடைபடாது. பிரிவு 5இன் கீழ்த் தாமத மன்னிப்பு மனுவும், ஒவ்வொரு காலப்பகுதிக்கும் காரணம் சொல்லும் உறுதிமொழிப் பத்திரமும் சேர்த்துப் போட வேண்டும். சிறையில் இருப்பவரின் மனுவில் நீதிமன்றங்கள் பொதுவாகத் தாராளமாகவே இருக்கும். ஆனால் அந்த மனு முடிந்து மேல்முறையீடு நம்பர் ஆகும்வரை (பதிவாகி எண் பெறும்வரை) தண்டனை நிறுத்த மனு, அதாவது மேல்முறையீடு முடியும்வரை ஜாமீனில் வெளியே வரக் கேட்கும் மனு, நகராது. நஷ்டம் அங்கேதான்.

எங்கே போடுவது: திருநெல்வேலி மாவட்டம் 2004 ஜூலையிலிருந்து மதுரைக் கிளையின் கீழ். ஆயுள் தண்டனை என்பதால் இரு நீதிபதிகள் அமர்வு. 7, 10 ஆண்டு என்றால் தனி நீதிபதி.

மனுவோடு போக வேண்டியவை: மேல்முறையீட்டுக் காரணங்கள், தீர்ப்பின் சான்றிட்ட நகல், சிறை அதிகாரி சான்றொப்பமிட்ட வக்காலத்து. தண்டனை நிறுத்த மனுவும் சேர்த்துப் போட்டால் அதற்குத் தனி உறுதிமொழிப் பத்திரமும் டைப்டு செட்டும் (வழக்கு ஆவணங்களின் தொகுப்பு). அமர்வு நீதிமன்ற வக்கீலிடம் இருக்கும் வழக்குக் கட்டை முழுசாக வாங்கிவிடுங்கள். குற்றப்பத்திரிகையோடு கொடுத்த நகல்கள், சாட்சி வாக்குமூலங்கள், குறியீடு செய்த ஆவணங்கள், 313 கேள்வித்தாள் (சாட்சியம் பற்றி நீதிபதி எதிரியிடம் கேட்டவை) எல்லாம் அதில் இருக்கும். சான்றிட்ட நகலாக ஒவ்வொன்றுக்கும் மனு போட்டால் மாதக்கணக்கில் ஆகும், டைப்டு செட்டுக்கு அந்தக் கட்டே போதும்.

---

சிறைவாசல் எழுதியது:

பணம் இல்லை என்பதால் நின்றுவிடாதீர்கள். 1987 சட்ட சேவைகள் அதிகாரச் சட்டம் பிரிவு 12, காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி பெறத் தகுதி தருகிறது. வருமானச் சான்று கேட்டு யாராவது அலையவிட்டால் அந்தப் பிரிவைச் சொல்லுங்கள். மதுரைக் கிளைக்கு உயர் நீதிமன்ற சட்ட சேவைகள் குழு தனியாக இருக்கிறது. விண்ணப்பம் மூன்று வழியில் போகலாம்: சிறைக்குள் இயங்கும் சட்ட உதவி மையம் வழியாக, மாவட்ட சட்ட சேவைகள் ஆணைக்குழு வழியாக, குடும்பம் நேரடியாக மதுரையில். 15100 என்ற எண்ணிலும் வழி கேட்கலாம்.

25 நாளுக்குள் வக்கீல் நியமனம் ஆகுமா என்று சந்தேகம் இருந்தால் சிறை மேல்முறையீடு போட்டுவிடுங்கள். பி.என்.எஸ்.எஸ். 424 (பழைய 383) இதற்காகவே இருக்கிறது. சிறைவாசி மனுவையும் தீர்ப்பு நகலையும் கண்காணிப்பாளரிடம் கொடுத்தால் அவர் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும். நீளமாக எழுத வேண்டியதில்லை. வழக்கு எண், தண்டித்த நீதிமன்றம், தீர்ப்பு நாள், தண்டனை விவரம், “தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்கிறேன், சட்ட உதவி வக்கீல் வேண்டும்” என்பது போதும். விரிவான காரணங்களை வக்கீல் வந்தபின் கூடுதலாகக் கொடுக்கலாம். கவனிக்க வேண்டியது ஒன்று: சிறை அலுவலகம் பெற்ற தேதியோடு முத்திரை மனுவில் விழுந்திருக்க வேண்டும், அதன் பிரதி ஒன்று கையில் வேண்டும். கெடு பற்றிப் பின்னால் கேள்வி வந்தால் அந்த முத்திரைதான் பேசும். பெரும்பாலான சிறை மேல்முறையீடுகள் திரும்பி வருவதற்குக் காரணம் தீர்ப்பு நகல் இணைக்காததுதான். தண்டித்த அன்றே எதிரிக்கு இலவசமாக ஒரு நகல் கொடுக்க வேண்டும் (404). அது அவரிடமே இருக்கிறதா, வீட்டுக்கு அனுப்பிவிட்டாரா என்று நேர்காணலில் கேளுங்கள்.

இரண்டு மேல்முறையீடு ஆகிவிடக் கூடாது. சிறை வழியாக ஒன்று போன பிறகு தனி வக்கீலும் தனியாகப் போட்டால் எண்கள் இரண்டாகி, ஒன்றின் உத்தரவு மற்றதில் இல்லாமல் குழப்பம் வரும். முன்னதைச் சொல்லி அதிலேயே வக்காலத்துப் போட வேண்டும்.

அபராதத்தைப் பற்றி யாரும் பேசவே மாட்டார்கள். கட்டாத 10,000 ரூபாய்க்கு ஓராண்டு தனியாக நிற்கிறது. தண்டனை நிறுத்த உத்தரவில் “அபராதம் கட்டியிருந்தால்” என்ற நிபந்தனை வந்தால் அன்றைக்கு ஓட வேண்டியிருக்கும். இப்போதே அமர்வு நீதிமன்றத்தில் கட்டி ரசீது வாங்குவது நல்லது. முடியவே முடியாதென்றால் 2023இல் வந்த ஏழைச் சிறைவாசிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரை உதவி உண்டு, மாவட்ட அளவிலான குழு வழியாக.

விசாரணையின்போது காவலில் இருந்த நாட்களையும் சரிபாருங்கள். அவற்றைத் தண்டனையில் கழிக்கும் செட்-ஆஃப் கணக்கு தண்டனை வாரண்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தவறாக இருந்தால் தண்டித்த நீதிமன்றத்திலேயே மனு கொடுத்துத் திருத்திவிடலாம். ஆயுள் கைதிக்கு அது எதற்கு என்று விடாதீர்கள். பகீரத் வழக்கிலேயே (1985) ஆயுள் கைதிக்கும் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பின்னால் 14 ஆண்டுக் கணக்குப் பார்க்கும்போது ஒவ்வொரு நாளும் எண்ணப்படும்.

---

வாய்தா எழுதியது:

தண்டனை நிறுத்தம் பற்றிச் சொல்கிறேன். பிரிவு 430 (பழைய 389). சாவு, ஆயுள், 10 ஆண்டுக்குக் குறையாத சிறை விதிக்கத்தக்க குற்றம் என்றால் அரசு வழக்கறிஞருக்கு எழுத்தில் ஆட்சேபம் சொல்ல வாய்ப்புக் கொடுத்துவிட்டே உத்தரவிட வேண்டும். ஆகவே முதல் நாளே கிடைத்துவிடும் என்று குடும்பத்திடம் சொல்லாதீர்கள். இறந்தவர் தரப்பும் வந்து எதிர்க்கலாம். 2022இல் ஜகஜீத் சிங் வழக்குக்குப் பிறகு அவர்களைக் கேளாமல் விடுவதில்லை.

இதில் தண்டனைக்கு முந்தைய ஜாமீன் போல “தப்ப மாட்டார், சாட்சியைக் கலைக்க மாட்டார்” என்று வாதிட்டால் போதாது. குற்றமற்றவர் என்ற அனுமானம் தீர்ப்போடு போய்விட்டது. ஓம்பிரகாஷ் சாஹ்னி வழக்கில் (2023) உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல்: தீர்ப்பையும் ஆவணத்தையும் மேலோட்டமாகப் பார்த்த அளவிலேயே கண்ணில் படுகிற ஓட்டை இருக்கிறதா, விடுதலையாக நியாயமான வாய்ப்பு தெரிகிறதா. சாட்சியத்தை மறுபடி அலச அந்தக் கட்டத்தில் இடமில்லை.

என் கருத்து, இரண்டாம் எதிரிக்கு மேல்முறையீட்டோடு சேர்த்தே மனு போட வேண்டும். பிடித்துக்கொண்டார் என்பது மட்டுமே அவர் மேல் உள்ள செயல், அவரிடமிருந்து ஆயுதம் கைப்பற்றவில்லை, அதே சாட்சிகள் சொன்ன மூன்றாம் எதிரி விடுதலை, விசாரணை முழுக்க ஜாமீனில் இருந்து ஒரு வாய்தா தவறவில்லை. இந்த நான்கும் ஒரு பக்கத்தில் தெரிகிறபடி எழுதினால் முதல் எதிரியைவிட இவர் நிலை வேறு.

---

கட்டுக்காகிதம் எழுதியது:

வாய்தா சார் சொல்வதில் சட்டம் சரி, நேரம் குறித்துத்தான் எனக்கு மாற்றுக் கருத்து. கொலை வழக்கில் தண்டனை பெற்ற இரண்டாம் மாதத்தில் நிறுத்தம் கிடைப்பது அரிது. தகுதி பார்த்துத் தள்ளுபடி ஆனால், அந்த உத்தரவில் “இவர் பங்கு முதல்நோக்கில் நிரூபணம்” என்று ஒரு வரி ஏறிவிடும். இரண்டாவது மனுவுக்கு மாறிய சூழ்நிலை காட்ட வேண்டும், காட்ட இருப்பது பெரும்பாலும் கூடுதலாகக் கழிந்த சிறைக்காலம் மட்டுமே. தள்ளுபடி ஆகும் போலத் தெரிந்தால் வக்கீல் அன்றைக்கே மனுவைத் திரும்பப் பெற்று, பின்னர் மீண்டும் போட உரிமை கேட்டுப் பதியச் சொல்ல வேண்டும். அந்த நிதானம் உள்ளவர் வாதாடினால் உடனே போடுவதில் தப்பில்லை.

நீண்ட காலம் மேல்முறையீடு எடுக்கப்படாவிட்டால் வேறு கதை. காஷ்மீரா சிங் வழக்கு (1977) சொன்னதே இன்றும் அடிப்படை: நியாயமான காலத்துக்குள் மேல்முறையீட்டைக் கேட்க முடியாத நீதிமன்றம், ஆளை மட்டும் உள்ளே வைத்திருப்பது சரியல்ல. சௌதன் சிங் வழக்கில் 8 ஆண்டு உண்மையான சிறைவாசம் முடித்தவர்களுக்கு ஜாமீனே வழக்கமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது அலகாபாத் உயர் நீதிமன்றத்துத் தேக்கத்தை ஒட்டி வந்தது. 8 ஆண்டு வரை காத்திரு என்று அதற்குப் பொருள் இல்லை, அப்படிப் படித்து எதிர்வாதம் செய்கிறவர்களும் உண்டு.

---

குறுக்குவிசாரணை எழுதியது:

எல்லோரும் வெளியே எடுப்பதைப் பேசுகிறார்கள். வழக்கு ஜெயிக்கப் போவது காகிதத்தில். உயர் நீதிமன்றம் கீழ் நீதிமன்றத் தீர்ப்பில் பிழை தேடுவதோடு நிற்கக் கூடாது, சாட்சியம் முழுவதையும் தானே எடைபோட வேண்டும் என்பது பதம் சிங் வழக்கு (2000). ஆனால் கட்டில் இல்லாத எதையும் அது பார்க்காது. 432இன் கீழ்க் கூடுதல் சாட்சியம் எடுக்க அதிகாரம் இருந்தாலும் ஓட்டையை அடைக்க அதைத் தரமாட்டார்கள். அதனால் இந்தக் கட்டில் எங்கே கை வைப்பது என்று சொல்கிறேன், வக்கீலுக்குக் குறிப்பாகக் கொடுங்கள்.

முதலில் முதல் தகவல் அறிக்கை. வலது மூலையில் நடுவர் பெற்ற நேரத்தைக் கையால் எழுதியிருப்பார். சம்பவம் இரவு 8 மணி, வழக்குப் பதிவு 9.30, நடுவர் வீட்டுக்குப் போனது மறுநாள் பகல் என்று இருந்தால், நடுவில் எத்தனை கிலோமீட்டர், கொண்டுபோன காவலரை விசாரித்தார்களா, விளக்கம் சொன்னாரா? தாமதம் மட்டுமே வழக்கைக் கவிழ்க்காது. ஆனால் உறவுக்காரச் சாட்சிகளோடு அது சேர்ந்தால் பேர் சேர்க்க அவகாசம் கிடைத்தது என்ற வாதம் எடை பெறும். அதோடு 161 வாக்குமூலங்கள் (போலீஸ் விசாரணையில் சாட்சிகள் சொன்னவை) எந்தத் தேதியில் நீதிமன்றம் வந்தன என்பதையும் பாருங்கள். சம்பவ நாளில் எழுதியதாகச் சொல்லும் காகிதம் குற்றப்பத்திரிகையோடு பல மாதம் கழித்து வந்திருக்கும். பல வழக்குகளில் யாருமே அந்த முத்திரையைத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, மருத்துவமனை விபத்துப் பதிவேடு. உயிரோடு கொண்டுபோயிருந்தால் டாக்டரிடம் சொன்ன முதல் வாக்கு அதில்தான். “தெரிந்த இரண்டு பேர்” என்றா, “தெரிந்த ஒருவர்” என்றா, “அடையாளம் தெரியாதவர்கள்” என்றா? கூட்டிவந்தவர் பெயர் அ.சா.1 ஆக இருக்கிறதா? நேரில் பார்த்தவர் என்று சொல்பவர் கூட வராமல், வேறு யாரோ கொண்டுவந்திருந்தால் அது பெரிய கேள்வி.

கையைப் பிடித்தார் என்பதற்கு: பிரேதப் பரிசோதனைச் சான்றில் காயங்களின் இடத்தைப் படத்தில் குறித்துப் பாருங்கள். இரு கையையும் பிடித்திருந்த ஆளின் முன்கையில், உள்ளங்கையில் தடுப்புக் காயம் இருந்தால் சாட்சி சொல்வது பொருந்தவில்லை. இதை டாக்டரிடம் குறுக்கு விசாரணையில் கேட்டிருந்தால் பொன். கேட்காவிட்டாலும் காயக் குறிப்பை வைத்து வாதிடலாம். பிடித்ததாலேயே 34 வந்துவிடாது, வெட்டப் போகிறான் என்று தெரிந்து பிடித்தாரா என்பதுதான் பொது எண்ணம். அரிவாள் முதலிலேயே வெளியே தெரிந்ததா, சண்டைக்கு நடுவில் எடுத்தாரா என்று சாட்சிகளின் வரிசையைப் பாருங்கள்.

மூன்றாம் எதிரியின் விடுதலை தானாக இவருக்கு விடுதலை தராது. ஒரு சாட்சி ஒரு விஷயத்தில் பொய் சொன்னால் முழுக்கத் தள்ள வேண்டும் என்ற விதி நம் நாட்டில் இல்லை. பதரும் நெல்லும் பிரித்து எடுப்பார்கள். பிரிக்கும் கோடு எது என்று கீழ் நீதிமன்றம் சொல்லியிருக்கிறதா என்பதைத்தான் தாக்க வேண்டும்.

அரிவாள்: யாருடைய வாக்குமூலத்தில் எடுத்தது? முதல் எதிரியுடையது என்றால் இவருக்கு எதிராக அது ஒன்றுமில்லை. பழைய சாட்சியச் சட்டம் 27இல் கண்டுபிடிப்புக்கு வழிவிட்ட பகுதி மட்டுமே ஏற்கத்தக்கது, 1947 புலுக்குரி கோட்டையா காலத்திலிருந்தே. அ.சா.ஆ. (அரசுத் தரப்புச் சான்றாவணம்) என்று குறியிட்டது அனுமதிக்கத்தக்க பகுதியை மட்டுமா, முழு ஒப்புதலையுமா என்று பாருங்கள். முழுதும் ஏறியிருந்தால் தீர்ப்பு எந்தப் பத்தியில் அதை நம்பியது என்று அடிக்கோடு போடுங்கள். மகஜர் (கைப்பற்றல் பதிவு) சாட்சி கிராம நிர்வாக அலுவலரும் உதவியாளரும் என்றால், கைது நடந்த இடமும் நேரமும் இருவர் வாக்கிலும் ஒத்துப்போகிறதா? பொருள் பார்ம் 95இல் நீதிமன்றம் போன தேதி என்ன? ஆய்வக அறிக்கையில் மனித ரத்தம் என்று மட்டும் இருந்து வகை “முடிவு தெரியவில்லை” என்றால் இறந்தவரோடு அரிவாளை இணைக்கும் கண்ணி பலவீனம்.

பென் டிரைவ்: மூலக் கருவியைக் கொண்டுவராமல் நகல் கொடுத்தால் 65பி சான்று (மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ்) கட்டாயம், அர்ஜுன் பண்டிட்ராவ் (2020). இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. விசாரணையில் குறியிடும்போது ஆட்சேபம் சொல்லாமல் இருந்துவிட்டு மேல்முறையீட்டில் முதன்முதலாகக் கிளப்பினால் சோனு வழக்கை (2017) எடுத்து நீட்டுவார்கள். ஆகவே வாக்குமூலத்தில் “ஆட்சேபணைக்கு உட்பட்டு” என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் சான்றைவிட, காட்சியில் முகம் தெரிகிறதா, யார் அடையாளம் சொன்னது, நேரம் சரியா என்பதில் நில்லுங்கள்.

கடைசியாக 313 கேள்வித்தாள். கையைப் பிடித்தார் என்பதைத் தனிக் கேள்வியாக இவரிடம் வைத்தார்களா, அல்லது “அ.சா.1 உங்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னார், என்ன சொல்கிறீர்கள்” என்று ஒரே மூட்டையாகக் கேட்டார்களா? எதிரியிடம் வைக்காத சூழ்நிலையை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது. பாதிப்பைக் காட்ட முடிந்தால் இது வலுவான காரணம்.

மாற்று வாதத்தையும் காரணங்களிலேயே எழுதச் சொல்லுங்கள்: திடீர்ச் சண்டை, முன்திட்டம் இல்லை, ஆகவே 300இன் விதிவிலக்கு 4, தண்டனை 304ஆம் பிரிவுக்கு இறங்க வேண்டும் என்று. 304 முதல் பகுதியில் ஆயுள் அல்லது 10 ஆண்டு வரை, இரண்டாம் பகுதியில் 10 ஆண்டு வரை. முழு விடுதலை மட்டும் கேட்டு நின்றால் நடுவழி கிடைக்காமல் போகும். எத்தனை காயம், எங்கே என்பது இதையும் தீர்மானிக்கும். கழுத்தில் அடுத்தடுத்து ஐந்தாறு வெட்டு என்றால் இந்த வாதம் அதிக தூரம் போகாது.

---

தாமிரபரணிக்கரை கேட்டது:

எல்லோருக்கும் நன்றி. குறுக்குவிசாரணை அண்ணாச்சி, விபத்துப் பதிவேட்டில் “தெரிந்த நபர்கள்” என்று மட்டும் இருக்கிறது, எண்ணிக்கை இல்லை. கொண்டுவந்தவர் அ.சா.1 இல்லை, ஆட்டோக்காரர். அவரைச் சாட்சியாகவே போடவில்லை. இதைக் குறித்துக்கொண்டேன்.

இன்னும் மூன்று சந்தேகம். மேல்முறையீடு போட்டால் தண்டனை கூடிவிடும் என்று சிறைக்குள் யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள், அவர் தயங்குகிறார். அவருடைய பாட்டிக்கு உடம்பு மிகவும் முடியவில்லை, விடுப்பு கிடைக்குமா? மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் முன்விடுதலை கெடுமா?

---

வாய்தா எழுதியது:

தண்டனைக்கு எதிராக எதிரி போட்ட மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்டக் கூடாது, 427இலேயே இருக்கிறது. அரசு தனியாக 418இல் தண்டனை போதாது என்று மேல்முறையீடு செய்தால்தான் அந்தக் கேள்வி எழும். சீராய்வு அதிகாரத்தைத் தானாக எடுத்து உயர் நீதிமன்றம் கூட்டலாமா என்பதையும் 2025இல் நாகராஜன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது: எதிரியின் மேல்முறையீட்டில் அப்படிச் செய்ய முடியாது. மதுரைக் கிளையிலிருந்தே போன வழக்கு அது. தவிர, 302க்கு ஆயுளுக்கு மேல் இருப்பது தூக்கு மட்டும்தான். தயங்கி 25 நாளை விடுவதுதான் ஆபத்து.

---

சிறைவாசல் எழுதியது:

பாட்டி விஷயத்துக்கு மேல்முறையீடு நம்பர் ஆனபிறகு அதிலேயே குறிப்பிட்ட சில நாட்களுக்கு இடைக்காலத் தண்டனை நிறுத்தம் கேட்டு மனு போடுவது நேர்வழி. மருத்துவமனைச் சான்று, உறவுமுறைச் சான்று, தங்கப் போகும் முகவரி, ஒரு ஜாமீன்தார் இவை வேண்டும். 1982 தண்டனை நிறுத்த விதிகளின் கீழ்ச் சிறைத்துறை தரும் சாதாரண விடுப்பு, அவசர விடுப்பு தனி. அதற்குக் காவல்துறை அறிக்கையும் நன்னடத்தை அலுவலர் அறிக்கையும் வர வேண்டும். மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் “நீதிமன்றத்தையே கேள்” என்று திருப்பிவிடுவார்கள்.

முன்விடுதலை கெடாது. 302 போன்ற குற்றத்தில் ஆயுள் என்றால் 475இன்படி (பழைய 433ஏ) உண்மையான 14 ஆண்டு முடிந்தபிறகே அரசின் தண்டனைக் குறைப்புப் பரிசீலனை. அரசியல் சட்டம் 161இல் ஆளுநர் வழி இந்த 14க்குக் கட்டுப்படாது. 2018 எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி 10 ஆண்டு முடித்தவர்களை அப்படித்தான் பரிசீலித்தார்கள். அது அரசாணை வரும்போது பார்த்துக்கொள்ள வேண்டியது, இப்போது திட்டமிட ஒன்றுமில்லை.

நிறுத்த உத்தரவு கிடைத்தபின் நடக்கும் தாமதத்தையும் சொல்லிவிடுகிறேன். உத்தரவு நகல் அமர்வு நீதிமன்றம் போய், இரு ஜாமீன்தார் சொத்துச் சான்றோடு வந்து பத்திரம் எழுதி, விடுதலை ஆணை சிறைக்கு வர வேண்டும். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதல்படி 7 நாளுக்குள் ஆள் வெளியே வராவிட்டால் கண்காணிப்பாளர் மாவட்ட சட்ட சேவைகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தார் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்த நீதிமன்றம் தானே பார்க்கலாம். வெளியே வந்தபின் மாதம் ஒருமுறை கீழ் நீதிமன்றத்தில் ஆஜராகும் நிபந்தனை வழக்கமாக இருக்கும். இரண்டு முறை தவறினாலே பிடியாணை வரும், நிறுத்தமும் போகும்.

---

பள்ளிச்சான்று எழுதியது:

ஒன்றே ஒன்று. அவருக்குச் சம்பவ நாளில் வயது என்ன? ரிமாண்ட் காகிதத்தில் 19 என்று போலீஸ் எழுதியிருந்தால் நம்பாமல் பத்தாம் வகுப்புச் சான்றையோ பிறப்புச் சான்றையோ பாருங்கள். 18க்கு ஒரு நாள் குறைந்தாலும் சிறார் நீதிச் சட்டம் 2015 பிரிவு 9(2) எந்த நிலையிலும், வழக்கு முடிந்தபின்னும்கூட, அதை எழுப்ப அனுமதிக்கிறது. புதிய சாட்சியம் எடுக்க மாட்டார்கள் என்று மேலே சொன்னதற்கு இது விலக்கு.

---

தாமிரபரணிக்கரை எழுதியது:

22 வயது, அந்த வழி இல்லை. திங்கட்கிழமை சிறை மேல்முறையீடு முத்திரையோடு கொடுத்துவிட்டு, அதே கையோடு மதுரைக் குழுவுக்கு விண்ணப்பம். மேல்முறையீடு பட்டியலில் வரும் அன்று நியமித்த வக்கீல் வராவிட்டால் தள்ளுபடி ஆகிவிடுமா?

---

கட்டுக்காகிதம் எழுதியது:

ஆகாது. பானி சிங் வழக்கு (1996): ஆள் வரவில்லை என்பதற்காகக் குற்ற மேல்முறையீட்டைத் தள்ள முடியாது, கட்டைப் பார்த்துத் தகுதியில்தான் முடிக்க வேண்டும். எதிரி சிறையில் இருந்தால் வாய்தா போடுவதோ அரசு செலவில் வக்கீல் நியமிப்பதோ நல்லது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆனாலும் வக்கீல் இல்லாமல் கட்டைப் பார்த்து முடித்தால் ஆட்டோக்காரர் விஷயத்தை யார் எடுத்துச் சொல்வது? நம்பர் ஆனதும் வழக்கு எண்ணையோ சிஎன்ஆர் எண்ணையோ வைத்து இ-கோர்ட்ஸ் செயலியில் சேமித்துவிடுங்கள். கீழ்க்கோர்ட்டுக் கட்டு மதுரை வந்து சேர்ந்துவிட்டதா என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வக்கீலைக் கேளுங்கள். கட்டு வராத மேல்முறையீடு இறுதி விசாரணைப் பட்டியலுக்கு ஏறாது, யாரும் கேட்காவிட்டால் அப்படியே கிடக்கும்.

தோற்றால் உச்ச நீதிமன்றத்துக்குச் சிறப்பு அனுமதி மனு, தீர்ப்பு நாளிலிருந்து 90 நாள். அதற்கும் சிறை வழி உண்டு.